1975 உலகக் கோப்பையைக் கொண்டுவந்தது எம்.ஏ.எம். ராமசாமியா?

குடந்தை சென்டர்ஹாஃப்:
காலையில் போனை எடுத்தால் செட்டிநாட்டு அரண்மனைக் குடும்பத்து எம்.ஏ.எம். ராமசாமி படம் ஒன்று. கீழே இப்படி எழுதியிருக்கிறது: "ஹாக்கியில் இந்தியாவுக்கு ஒரே உலகக் கோப்பையை வாங்கித் தந்த தமிழன். சொந்தப் பணத்தில் முகாம் நடத்திய வள்ளல். இவர் இல்லையேல் 1975 இல்லை." நம் டெல்டா ஹாக்கி ஆட்களே மூன்று பேர் அதைப் பகிர்ந்து கும்பிடு போட்டிருக்கிறார்கள். கும்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது? 1975-ல் இந்திய ஹாக்கி சம்மேளனத்தின் தலைவர் அவர்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறதே, சொந்தப் பணத்தில் முகாம் என்று, அதைப் படித்ததும் எனக்குக் காப்பி இறங்கவில்லை.

அணியின் பயிற்சி முகாம் நடந்தது சண்டிகரில். பஞ்சாப் பல்கலைக்கழக வளாகத்தில். சம்மேளனத்துக்குள் கோஷ்டிச் சண்டை முற்றி, அணியை யார் தயார் செய்வது என்றே தெரியாமல் கிடந்தபோது நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று முன்வந்தது பஞ்சாப் அரசு. முதலமைச்சர் ஜெயில் சிங், பிற்பாடு ஜனாதிபதி ஆனாரே, அவரேதான். பொறுப்பில் இருந்தவர் பல்பீர் சிங் சீனியர். 1948, 52, 56 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய மனிதர். முகாம் நடக்கும்போதே அவருடைய அப்பா இறந்துபோனார், அப்படியும் அணியை விடவில்லை. இதை எல்லாம் யாரும் படம் போட்டு அனுப்ப மாட்டார்கள். பகிர்ந்த மூன்று பேரும் இங்கேதான் இருக்கிறீர்கள். ஒரே கேள்வி கேட்கிறேன், முகாம் செட்டிநாட்டு அரண்மனையிலா நடந்தது?

சிதம்பரம் பழைய மாணவன்:
மூன்று பேரில் ஒருவன் நான்தான் சார். பெயர் சொல்லாமல் குத்தத் தேவையில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அதன் மைதானத்தில் ஹாக்கி ஆடியவன். அந்தப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது அவருடைய தாத்தா. அந்த நன்றி எனக்கு இருக்கும், உங்களுக்கு இருக்க வேண்டிய அவசியமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தமிழர் அகில இந்திய சம்மேளனத்தின் தலைவர். அந்தக் காலத்தில் இந்தியா உலகக் கோப்பையை வென்றது. அதற்கு முன்னும் வென்றதில்லை, பின்னும் வென்றதில்லை. இதில் எந்த வரி பொய்?

குடந்தை சென்டர்ஹாஃப்:
நீங்கள் இப்போது எழுதிய மூன்று வரியும் சரி. நீங்கள் பகிர்ந்த வரி வேறு. "சொந்தப் பணத்தில் முகாம்." சண்டிகர் முகாமில் அவருடைய பணம் எத்தனை ரூபாய் என்று சொல்லுங்கள்.

மன்னை பொடியன்:
எனக்கு ஒரு சந்தேகம். கோப்பை வந்தால் அது தலைவர் கணக்கு என்றால், அடுத்த வருஷம் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஏழாவது இடம் வந்ததே, அது யார் கணக்கு? பந்து பொறுக்கும் பையன் கணக்கா?

சிதம்பரம் பழைய மாணவன்:
மாண்ட்ரியலில்தான் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரை போட்டார்கள் தம்பி. நம் ஆட்கள் பிறந்ததிலிருந்து ஓடியது மண்ணிலும் புல்லிலும். இங்கே நிறுத்தி, குனிந்து, திருப்பி ஆடிய ஆட்டம் அங்கே எடுபடவில்லை. இது தெரியாமல் பேசக்கூடாது.

மன்னை பொடியன்:
சரிதான். ஜெயித்தால் தலைவர், தோற்றால் தரை. குறித்துக்கொண்டேன்.

பொன்மலை ஷெட்:
இரண்டு பக்கமும் கொஞ்சம் மூச்சு விடுங்கப்பா. உலகக் கோப்பை நடந்த கோலாலம்பூரில் கால் தேய ஓடியவர்களைப் பற்றி இதுவரை ஒருத்தரும் பேசவில்லை. தமிழன், தமிழன் என்று தலைவரைத் தேடிப் போகிறீர்களே, அந்த அணியிலேயே ஒரு தமிழ்நாட்டுக்காரர் இருந்தார், தெரியுமா? வி.ஜே. பிலிப்ஸ். வலது ஓரம். அவருடைய அண்ணன் வி.ஜே. பீட்டர் 1964 டோக்கியோ தங்க அணியில் ஆடியவர். ஒரே வீட்டில் ஒரு ஒலிம்பிக் தங்கம், ஒரு உலகக் கோப்பை. அவர்கள் படத்தை இந்தக் குழுவில் ஒருநாளும் யாரும் பகிர்ந்து நான் பார்க்கவில்லை. கோட்டு போட்டவனுக்குத்தான் மாலை.

அரையிறுதியில் மலேசியா 2-1 என்று முன்னால் நிற்கிறது, ஆட்டம் முடியப் போகிறது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அஸ்லம் ஷேர் கானை இறக்குகிறார்கள். பெனால்டி கார்னரில் சமன். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் கோல், 3-2. இறுதி ஆட்டத்தில் முதல் கோல் பாகிஸ்தானுக்கு. அப்புறம் சுர்ஜித், அப்புறம் அசோக் குமார், 2-1. எங்கள் பொன்மலைக் குடியிருப்பில் டிரான்சிஸ்டர் வைத்திருந்த வீட்டு வாசலில் கூட்டம். ஜஸ்தேவ் சிங்கின் இந்தி வர்ணனை, பாதிப் பேருக்குப் புரியாது, ஆனால் குரல் ஏறினால் பந்து டிக்குள், அதாவது கோலுக்கு முன்னால் இருக்கிற அரைவட்டத்துக்குள், போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரியும்.

நாகை உப்புக்காற்று:
அசோக் குமார் அடித்தது கோலே இல்லை என்று பாகிஸ்தான்காரன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். கம்பத்தில் பட்டு வெளியே வந்த பந்து.

பொன்மலை ஷெட்:
உள்ளே போய் மூலையில் பட்டுத் திரும்பி வந்தது. நடுவர் விஜயநாதன், மலேசியாக்காரர், உடனே கோல் என்று கையைக் காட்டிவிட்டார். பாகிஸ்தான் ஆட்கள் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள், மனிதர் அசையவில்லை. இந்த வயதில் அதையும் கிளப்பாதீர்கள்.

நாகை உப்புக்காற்று:
நான் கிளப்பவில்லை அண்ணே, அவன் சொல்வதைச் சொன்னேன்.

குடந்தை சென்டர்ஹாஃப்:
பந்து கம்பத்தில் பட்டதா, பட்டியக்கல்லில் பட்டதா என்று பேசி என் கேள்வியை மறக்கடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். முகாம் சண்டிகரில். செலவு பஞ்சாப் அரசு. இன்று ஒடிசா அரசு என்ன செய்கிறது? 2018-லிருந்து இந்திய அணியின் சட்டையில் அவர்கள் பெயர்தான். அதையேதான் அன்று பஞ்சாப் செய்தது, சட்டையில் பெயர் போடாமல். ஒடிசா கொடுக்கிற பணத்துக்கு ஹாக்கி இந்தியா தலைவர்தான் வள்ளல் என்று நாளைக்கு ஒருவன் படம் போட்டால் ஒத்துக்கொள்வீர்களா?

சிதம்பரம் பழைய மாணவன்:
சார், ஒரு சம்மேளனத் தலைவர் வேலை சாக்கு பிடித்து அரிசி அளப்பது இல்லை. சண்டை போடுகிற கோஷ்டிகளை ஒரு மேஜையில் உட்கார வைப்பது, டெல்லியில் பேசுவது, சர்வதேச சம்மேளனத்திடம் நம் அணியின் பெயரைக் காப்பாற்றுவது, இதெல்லாம் வேலை இல்லையா? நேவல் டாடா தலைவராக இருந்த காலத்தில் 1948, 52, 56 மூன்றும் தங்கம். அவர் காலத்தைப் பொற்காலம் என்று எழுதுகிறார்கள். அவர் குச்சி பிடித்தாரா? இல்லை. டாடா என்றால் பொற்காலம், செட்டியார் என்றால் கேள்வியா? வடக்கே இருப்பவனுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம்.

மன்னை பொடியன்:
நேவல் டாடாவின் படத்தின் கீழே "சொந்தப் பணத்தில் முகாம்" என்று யாராவது போட்டால் எங்கள் சென்டர்ஹாஃப் சார் அங்கேயும் போய்ச் சண்டை போடுவார். அவருக்கு ஊர் பேதம் கிடையாது, சண்டைதான் முக்கியம்.

குடந்தை சென்டர்ஹாஃப்:
தம்பி எனக்கு ஆதரவா எதிர்ப்பா என்றே தெரியவில்லை. இருக்கட்டும்.

திருவாரூர் தேரடி:
அனைவருக்கும் வணக்கம். வாதம் நன்றாகப் போகிறது, ஆனால் நிர்வாகி என்றால் யார், தலைவர் என்றால் யார், இந்த இரண்டையும் முதலில் பிரித்துவிட்டால் பாதிச் சண்டை தீரும். பதவி மரியாதைக்கானதா, வேலைக்கானதா? சம்பளம் வாங்காதவர் எல்லோரும் அமெச்சூர் நிர்வாகியா? இதை முடிவு செய்துகொண்டு மேலே பேசலாமே.

குடந்தை சென்டர்ஹாஃப்:
அதெல்லாம் பிறகு பார்க்கலாம் ஐயா. முதலில் முகாம் விஷயம் முடியட்டும்.

சிதம்பரம் பழைய மாணவன்:
ஆமாம், முதலில் அது.

கோவில்பட்டி குச்சி:
டெல்டாக்காரர்கள் ஹாக்கி பற்றி இவ்வளவு பேசுவது பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. எங்கள் ஊரில் பேச்சு குறைவு, ஆட்டம் அதிகம். தெருவுக்கு ஒரு டீம். உங்கள் பக்கம் கடைசியாக யார் இந்தியாவுக்கு ஆடினார்கள்?

மன்னை பொடியன்:
கார்த்தி செல்வம். அரியலூர். 2023-ல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் ஆடினான், மலேசியாவை 4-3 என்று இறுதியில் ஜெயித்த அணி. வேறு ஏதாவது வேண்டுமா?

கோவில்பட்டி குச்சி:
அரியலூர் டெல்டாவா? கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் சிமென்ட் ஊர் அது. தவிர, கார்த்தி வளர்ந்தது எங்கள் ஊர் விளையாட்டு விடுதியில். எங்கள் மாரீஸ்வரனோடு.

மன்னை பொடியன்:
பெற்றது நாங்கள், சோறு போட்டது நீங்கள். அப்படியென்றால் சண்டிகர் கணக்குப்படி அவன் உங்கள் ஆள்தான், சென்டர்ஹாஃப் சார் ஒத்துக்கொள்வார்.

குடந்தை சென்டர்ஹாஃப்:
இதில் என்ன நக்கல்? சோறு போட்டவனுக்குத்தான் பேர் போக வேண்டும். நான் அதைத்தானே சொல்கிறேன்.

உண்மையான நிர்வாகி யார் என்று நான் சொல்லட்டுமா? இந்தக் குழுவில் பாதிப் பேருக்குக் குச்சி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த எங்கள் செகரட்டரி. பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். அரசாங்கப் பள்ளியில் வாத்தியார் வேலை, மாலை ஐந்து மணிக்கு மைதானம். சுண்ணாம்பை வாளியில் கரைத்து, டி போடுவது அவர், கயிறு பிடிப்பது நாங்கள். ஜலந்தரிலிருந்து குச்சி ரயில் பார்சலில் வரும், அதை எடுக்க ஸ்டேஷனுக்கு சைக்கிளில் போவார். விளையாட்டுக்காரர்களுக்கான ரயில் சலுகைப் படிவத்தில் கையெழுத்து வாங்க எந்த ஆபீசில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் குளமாகிவிடும், தை அறுப்பு முடிகிற வரைக்கும் எந்த அரிசி மில்காரனும் சந்தா கொடுக்க மாட்டான். அறுவடை முடிந்து கையில் காசு புழங்குகிற மாசி, பங்குனியில்தான் ரசீது புத்தகத்தோடு கிளம்புவார். டோர்னமென்ட் வைத்தால் வெளியூர் டீமுக்குப் பள்ளிக்கூட பெஞ்சை ஒட்டிப் போட்டுப் படுக்கை, கல்யாண மண்டபத்தில் கெஞ்சி வாங்கிய பாத்திரத்தில் சாப்பாடு. அவர் வீட்டு அம்மா சாம்பாருக்குப் புளி கரைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் படத்துக்கு யார் மாலை போட்டீர்கள்? ஒருத்தனும் இல்லை. ஆனால் கிண்டி ரேஸ் கிளப் தலைவராக இருந்தவருக்கு நம் குழுவில் மாலை.

நாகை உப்புக்காற்று:
அந்தச் செகரட்டரியைப் பற்றி என்னிடம் கேளுங்கள். மாவட்ட அணித் தேர்வுக்கு நாகையிலிருந்து விடியற்காலை ரயிலைப் பிடித்து வந்தவன் நான். மூன்று கோல் அடித்தேன். லிஸ்டில் பெயர் இல்லை. அவர் தெருப் பையன் ஒருவன், ஆட்டம் முழுக்கப் பந்தைத் தொடவே இல்லை, அவன் பெயர் இருந்தது. சுண்ணாம்பு கரைத்தாராம், புளி கரைத்தாராம். எங்கள் வாழ்க்கையையும் சேர்த்துக் கரைத்தார்.

குடந்தை சென்டர்ஹாஃப்:
அந்தத் தேர்வில் நானும் இருந்தேன். நீங்கள் அடித்த மூன்றில் இரண்டு ஸ்டிக்ஸ், குச்சி தோளுக்கு மேலே. அந்தக் கால விதி அது.

நாகை உப்புக்காற்று:
நீங்கள் அந்த லிஸ்டில் இருந்தீர்கள். அதனால் இப்படித்தான் சொல்வீர்கள்.

குடந்தை சென்டர்ஹாஃப்:
இருந்தேன். ஏனென்றால் சென்டர்ஹாஃபில் எனக்கு மேல் அன்று ஆள் இல்லை.

பொன்மலை ஷெட்:
இருந்தார்கள். பொன்மலையில் நாலு பேர் இருந்தார்கள். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே ஒர்க்ஷாப்பை 1920-களின் கடைசியில் பொன்மலைக்கு மாற்றியபோதே ஆங்கிலோ இந்தியர்கள் குச்சியோடுதான் வந்து இறங்கினார்கள். எங்கள் அப்பா தலைமுறை அவர்களைப் பார்த்துத்தான் பிடித்தது. திருச்சி மாவட்டம், தஞ்சாவூர் மாவட்டம் என்று கோடு இருந்ததால் நீங்கள் தப்பித்தீர்கள்.

குடந்தை சென்டர்ஹாஃப்:
ஷெட் அண்ணன் சும்மா இருப்பார் என்று பார்த்தேன். நடக்கட்டும்.

சிதம்பரம் பழைய மாணவன்:
பாருங்கள், இதுதான் நான் சொல்ல வந்தது. கீழே இருக்கிற செகரட்டரி மேலேயே இவ்வளவு வழக்கு இருக்கிறது. அப்படியானால் அகில இந்தியத் தலைவர் எத்தனை கோஷ்டியைச் சமாளித்திருப்பார்? கோஷ்டிச் சண்டை இருந்தது என்று நீங்களே எழுதினீர்கள். அந்தச் சண்டைக்கு நடுவில் அணி கோலாலம்பூர் போய்ச் சேர்ந்ததே, அது தானாக நடந்ததா? காற்றில் பறந்து போனார்களா?

குடந்தை சென்டர்ஹாஃப்:
விமானத்தில் போனார்கள். சண்டிகரில் தயாராகிப் போனார்கள்.

சார், எனக்கு அவர் மேல் கோபம் இல்லை, இதைப் புரிந்துகொள்ளுங்கள். அவர் சித்தப்பா எம்.ஏ. சிதம்பரம் கிரிக்கெட்டுக்குச் செய்ததற்கு சேப்பாக்கம் மைதானத்துக்கே அவர் பெயர் இருக்கிறது. யாரும் சண்டைக்குப் போகவில்லையே. செய்தார், பெயர் இருக்கிறது. எழும்பூர் ஹாக்கி மைதானத்துக்கு யார் பெயர்? மேயர் ராதாகிருஷ்ணன். ஏன் அங்கே செட்டிநாட்டுப் பெயர் இல்லை என்று நீங்களே யோசியுங்கள்.

சிதம்பரம் பழைய மாணவன்:
இது என்ன வாதம்? மைதானத்துக்குப் பெயர் வைத்தால்தான் செய்ததாக அர்த்தமா? அப்படிப் பார்த்தால் உங்கள் செகரட்டரி பெயரில் ஒரு சந்துகூட இல்லை. அவரும் ஒன்றும் செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளலாமா?

குடந்தை சென்டர்ஹாஃப்:
வார்த்தையை அளந்து பேசுங்கள்.

சிதம்பரம் பழைய மாணவன்:
அளவுகோல் உங்களுடையது சார். நான் வைத்துப் பார்த்தேன்.

மன்னை பொடியன்:
நடுவர் விஜயநாதன் உடனடியாகக் களத்துக்கு வரவும்.

திருவாரூர் தேரடி:
நான் முன்பே சொன்னேன், வரையறை...

கோவில்பட்டி குச்சி:
சம்மேளனப் பெருமை பேசுகிறவர்களுக்கு 2008 ஞாபகம் இருக்கிறதா? கே.பி.எஸ். கில் 1994-லிருந்து பதினாலு வருஷம் தலைவர். 1998-ல் பாங்காக்கில் 32 வருஷம் கழித்து ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கி வந்தார்கள், வந்த சூட்டோடு தன்ராஜ் பிள்ளை உட்பட மூத்த ஆட்களை வெளியே அனுப்பினார்கள். 2008-ல் சாண்டியாகோவில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் பிரிட்டனிடம் 2-0 தோல்வி, 1928-க்குப் பிறகு முதல்முறையாக ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி இல்லை. அடுத்த மாதம் பொதுச்செயலாளர் ரகசியக் கேமராவில் சிக்கினார், சம்மேளனத்தையே நிறுத்தி வைத்தார்கள். நீண்டகாலம் நாற்காலியில் இருப்பதுதான் சேவை என்றால் இதுவும் சேவைதான்.

குடந்தை சென்டர்ஹாஃப்:
குச்சி சரியாகச் சொல்கிறார். தங்கம் வாங்கி வந்தவன் வெளியே, நாற்காலிக்காரன் உள்ளே. 1975-லும் நாளைக்கும் இதே கதைதான்.

சிதம்பரம் பழைய மாணவன்:
2008-க்கும் எம்.ஏ.எம்முக்கும் என்ன சம்பந்தம்? அவர் பதவியை விட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. யார் செய்ததையோ யார் தலையில் கட்டுகிறீர்கள்? அவர் மேல் அப்படி ஒரு புகார் உண்டா, சொல்லுங்கள்.

குடந்தை சென்டர்ஹாஃப்:
புகார் சொன்னேனா? நான் கேட்டது ஒரே கேள்வி. இதுவரைக்கும் பதில் வரவில்லை. திரும்ப மேலே போய்ப் படித்துப் பாருங்கள், நேவல் டாடா வந்தார், மாண்ட்ரியல் வந்தது, சேப்பாக்கம் வந்தது, அரியலூர்கூட வந்துவிட்டது. சண்டிகர் செலவுக் கணக்கு மட்டும் வரவில்லை. "கோஷ்டியைச் சமாளித்தார்" என்கிறீர்கள். சமாளித்திருந்தால் மாநில அரசு எதற்கு முகாமை எடுத்து நடத்த வேண்டும்? வீட்டுக்காரர் சமைத்திருந்தால் பக்கத்து வீட்டிலிருந்து சோறு எதற்கு வருகிறது? சமைக்காத வீட்டில் சாப்பிட்டதற்கு வீட்டுக்காரருக்கு நன்றி என்று பந்தியில் எழுந்து நின்று சொல்கிறீர்கள் நீங்கள்.

சிதம்பரம் பழைய மாணவன்:
பக்கத்து வீட்டிலிருந்து சோறு வர வாசலைத் திறந்து விட்டவரும் வீட்டுக்காரர்தான். தலைவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டிகர் முகாம் நடந்திருக்காது. தன் பெயர் போனாலும் பரவாயில்லை, அணி தயாராகட்டும் என்று விட்டாரே, அது பெரிய மனசு இல்லையா?

பொன்மலை ஷெட்:
விட்டாரா, வேறு வழியில்லாமல் விட வேண்டி வந்ததா?

சிதம்பரம் பழைய மாணவன்:
ஷெட் சார், நீங்கள் நடுநிலை என்று நினைத்தேன்.

பொன்மலை ஷெட்:
நான் ரயில்வே. எங்களுக்கு இரண்டு பக்கமும் சிக்னல் உண்டு.

நாகை உப்புக்காற்று:
என் விஷயத்துக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஸ்டிக்ஸ் என்று நடுவர் விசில் அடித்தாரா? அடிக்கவில்லை. விசில் இல்லாமல் ஸ்டிக்ஸ் எங்கிருந்து வந்தது?

குடந்தை சென்டர்ஹாஃப்:
விசில் அடித்தார். காற்று உங்கள் பக்கம் வீசவில்லை.

நாகை உப்புக்காற்று:
எங்கள் ஊரில் காற்றுக்குக் குறைவே கிடையாது, காதும் நன்றாகக் கேட்கும்.

திருவாரூர் தேரடி:
இன்னொரு கோணம். அந்தக் காலத்தில் ஆட்டக்காரனும் அமெச்சூர், நிர்வாகியும் அமெச்சூர். ஆட்டக்காரனுக்கு ரயில்வே, போலீஸ், வங்கி என்று ஒரு வேலை கொடுத்துத்தான் ஆட வைத்தார்கள். நிர்வாகிக்குச் சொத்தோ அதிகாரமோ இருந்தால்தான் அந்த நாற்காலியில் தாக்குப்பிடிக்க முடியும். தலைவர்களைப் பாருங்கள், தொழிலதிபர், போலீஸ் அதிகாரி, தொழிலதிபர், மறுபடி போலீஸ் அதிகாரி. நேவல் டாடா, அஸ்வனி குமார், எம்.ஏ.எம்., பிறகு கில். பள்ளிக்கூட வாத்தியார் அந்த நாற்காலிக்கு வர முடியாது. இந்தப் பின்னணியில் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறீர்கள்.

குடந்தை சென்டர்ஹாஃப்:
இல்லை.

சிதம்பரம் பழைய மாணவன்:
நிச்சயமாக இல்லை.

மன்னை பொடியன்:
முதல் ஒற்றுமை. தேரடி ஐயாவுக்கு நன்றி.

கோவில்பட்டி குச்சி:
உங்கள் சண்டை முடிந்தால் ஒரு தகவல். எங்கள் ஊரில் செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது. தஞ்சாவூர், குடந்தை, மன்னார்குடிப் பையன்கள் வந்து ஆடலாம். சண்டிகர் போல நாங்கள் சோறும் போடுகிறோம், எங்கள் பெயரைப் போட்டால் போதும்.

மன்னை பொடியன்:
வந்து ஆடிய பிறகு அவன் உங்கள் ஊர்க்காரன் என்று எழுதிக்கொள்வீர்கள். கார்த்தி கதையைப் பார்த்தோமே. நாங்கள் மண்ணிலேயே புரள்கிறோம்.

கோவில்பட்டி குச்சி:
மண்ணில் ஆடினால் மாண்ட்ரியல்தான். உங்கள் சிதம்பரம் சாரே சொல்லிவிட்டார்.

சிதம்பரம் பழைய மாணவன்:
என்னை இதில் இழுக்க வேண்டாம். நான் கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன். 1925-ல் குவாலியரில் தொடங்கிய சம்மேளனம். நூற்றாண்டும் ஆகிவிட்டது. அதன் தலைவர் நாற்காலியில் தெற்கிலிருந்து உட்கார்ந்தவர்களைத் தேட வேண்டும். அதில் ஒருவர் காலத்தில் உலகக் கோப்பை. அதைச் சொல்லிக் கொண்டாடினால் நம் ஊர்க்காரருக்கே வயிறு எரிகிறது. 2015-ல் அவர் இறந்தபோது ஹாக்கிக்காரர்கள் யாரும் கும்பிடு போடவில்லை, இப்போது போடுகிறவனையும் விடுவதில்லை. அந்தப் படத்தை இன்று சாயங்காலம் மறுபடியும் பகிர்வேன். ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

குடந்தை சென்டர்ஹாஃப்:
பகிருங்கள். அதன் அடியில் நான் பல்பீர் சிங் படத்தைப் போட்டு, பக்கத்தில் பிலிப்ஸ் படத்தையும் போட்டு, பஞ்சாப் பல்கலைக்கழகம், சண்டிகர் என்று முகவரியோடு எழுதுவேன். நீங்கள் எத்தனை முறை பகிர்ந்தாலும் அத்தனை முறை எழுதுவேன். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, நேரம் நிறைய இருக்கிறது.

வயிறு எரிகிறது என்றீர்களே, அதற்கும் பதில். அந்த இறுதி ஆட்டத்தன்று பதினோரு பேர் களத்தில் ஓடியபோது எரியாத வயிறு, ஒரு பொய்வரிக்கு எரிகிறது. தலைவராக இருந்தார் என்று மட்டும் போடுங்கள், நானே முதலில் கும்பிடு போடுகிறேன்.

சிதம்பரம் பழைய மாணவன்:
உங்கள் கும்பிடு எங்களுக்கு வேண்டாம் சார்.

பொன்மலை ஷெட்:
பிலிப்ஸ் படம் போடும்போது பீட்டர் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். அண்ணனை விட்டுவிட்டுத் தம்பியை மட்டும் போட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

குடந்தை சென்டர்ஹாஃப்:
பீட்டர் 1975-ல் ஆடவில்லையே அண்ணே. எதற்குப் போட வேண்டும்?

பொன்மலை ஷெட்:
ஆடாத தலைவருக்கு இவ்வளவு நேரம் சண்டை போட்டீர்கள். தங்கம் வாங்கிய பீட்டருக்கு இடம் இல்லையா?

குடந்தை சென்டர்ஹாஃப்:
தலைப்பு 1975 அண்ணே. டோக்கியோவுக்குத் தனியாகப் பதிவு போடுங்கள், வந்து கும்பிடுகிறேன்.

பொன்மலை ஷெட்:
போடுகிறேன். அதில் உங்கள் குடந்தை செகரட்டரி பெயர் வராது, இப்போதே சொல்லிவிட்டேன்.

நாகை உப்புக்காற்று:
நல்லது. அந்தப் பதிவுக்கு நான் வருகிறேன். அதற்கு முன்னால் சென்டர்ஹாஃப் அண்ணன் அந்தத் தேர்வில் விசில் அடித்த நடுவர் யார் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். தெருப் பையனின் மாமா என்று எங்கள் ஊரில் பேச்சு.